பெற்றோர் ஊரில் இருந்தால் அமெரிக்கப் பாதுகாப்பு அனுமதி கிடைக்குமா?

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர் ஒருவருக்கு, பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் பணி அமைகிறது. சம்பளம், பதவி எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு நிபந்தனை வருகிறது: சீக்ரெட் கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைக் கையாள்வதற்கான பாதுகாப்பு அனுமதி, கிடைத்தால்தான் பணி உறுதி. அன்று இரவே வீட்டில் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். அப்பா அம்மா திருச்சியில் இருக்கிறார்கள். தம்பி பெங்களூரில். மாமனார் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீக வீட்டில் ஒரு பங்கு இருக்கிறது, வெளிநாட்டில் வாழ்வோருக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கில் கொஞ்சம் பணம் கிடக்கிறது. இத்தனையும் வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் நிராகரித்துவிடுவார்களோ? இந்தப் பயத்திலேயே சிலர் வேலையை வேண்டாம் என்கிறார்கள். வேறு சிலர் அதைவிடப் பெரிய தவறு செய்கிறார்கள்: படிவத்தில் பாதியை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

வெளிநாட்டில் உறவினர் இருப்பது தானாகவே தகுதியைப் பறித்துவிடாது. ஆனால் கேள்வி என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 'என் விசுவாசத்தைச் சந்தேகப்படுகிறார்களா?' என்றுதான் பெரும்பாலானோர் மனம் நோகிறார்கள். 1960-இல் வந்த 10865-ஆம் எண் அதிபர் ஆணையின் 7-ஆம் பிரிவு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது: இந்த வழக்குகளில் எடுக்கப்படும் முடிவு எதுவும் விண்ணப்பதாரரின் விசுவாசத்தைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. விசாரிப்பவர்கள் பார்ப்பது வேறு. இவரை வளைக்க நினைக்கும் ஓர் அந்நிய அரசு யாரைப் பிடித்து இழுக்கும்? இழுத்தால் இவர் என்ன செய்ய வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவார்? அப்பழுக்கில்லாத தேசப்பற்றாளரின் தாயையும் மிரட்ட முடியும். அதனால் 'நான் இந்த நாட்டை நேசிக்கிறேன்' என்று பத்துப் பக்கம் எழுதிக் கொடுப்பது கேட்காத கேள்விக்குச் சொல்லும் பதில்.

முதலில் சில அடிப்படைகள். கிளியரன்ஸுக்குத் தனிநபர் தானாக விண்ணப்பிக்க முடியாது. ஒரு நிறுவனமோ அரசுத் துறையோ முன்மொழிய வேண்டும். அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்குக் கிடையாது. அரிதான சிறப்புத் திறமைக்காக, சீக்ரெட் நிலைக்கு மேல் போகாத 'வரம்புக்குட்பட்ட அணுகல் அனுமதி' என்ற விதிவிலக்கு மட்டும் இருக்கிறது. கிளியரன்ஸ் யாருக்கும் உரிமையல்ல என்று 1988-இல் கடற்படைத் துறைக்கும் ஈகன் என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சந்தேகம் எழுந்தால் அதன் பலன் நாட்டின் பாதுகாப்புக்கே போகும், விண்ணப்பதாரருக்கு அல்ல. குற்றவியல் வழக்கைப் போல நினைத்துக்கொண்டு போகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

முடிவெடுக்கும் அளவுகோல், 'சீட் 4' (SEAD 4) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அரசு உத்தரவில் இருக்கிறது. 2017 ஜூன் 8 முதல் எல்லாத் துறைகளுக்கும் அது பொருந்துகிறது. அதில் ஏ முதல் எம் வரை 13 வழிகாட்டு நெறிகள். வெளிநாட்டுத் தொடர்புகளைத் தொடுபவை முக்கியமாக இரண்டு: பி என்பது அந்நியச் செல்வாக்கு, சி என்பது அந்நிய நாட்டுச் சார்பு. பி நெறியின் உயிர்நாடி 'கூடுதல் ஆபத்து' என்ற சொல். உறவினர் ஒருவர் வேறொரு அரசின் கீழ் வாழ்வதில் இயல்பாகவே கொஞ்சம் ஆபத்து உண்டு. அதற்கும் மேலாக ஏதாவது இருக்கிறதா என்பதுதான் ஆராயப்படும்.

அந்த 'மேலாக' என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது, நாடு. அந்த நாடு அமெரிக்க ரகசியங்களைக் குறிவைத்து உளவு பார்க்கிறதா, தன் மக்களை மிரட்டி வேலை வாங்கும் பழக்கம் அதற்கு உண்டா, அங்கே பயங்கரவாதக் குழுக்கள் இயங்குகின்றனவா என்று பார்ப்பார்கள். சீனா, ரஷ்யா, ஈரான் போன்ற நாடுகளில் பெற்றோர் இருந்தால் சுமை மிகக் கனமானது. வேறு குறையே இல்லாதவர்களும் அந்த ஒரு காரணத்தால் தோற்றிருக்கிறார்கள். இந்தியா அந்த வரிசையில் இல்லை. ஆனாலும் நட்பு நாடு என்பதால் கேள்வியே வராது என்று நினைக்கக் கூடாது. நட்பு நாடுகளும் தொழில்நுட்ப ரகசியம் தேடும் என்பதை அமெரிக்கா நன்றாக அறிந்திருக்கிறது. இரண்டாவது, அந்த உறவினர் யார், என்ன வேலை செய்கிறார். மூன்றாவது, உங்களுக்கும் அவருக்கும் இருக்கும் நெருக்கம்.

இரண்டாவதைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்க்கலாம். அப்பா மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மாநில அரசு ஓய்வூதியம் வாங்குகிறார், வயது 74. அவர் ஓர் அந்நிய அரசிடம் பணியாற்றியவர் என்பது உண்மை. அதை மறைக்காமல் எழுத வேண்டும். ஆனால் அவரது பணி ராணுவத்தோடோ உளவுத் துறையோடோ தொடர்பில்லாதது, ஓய்வூதியம் சட்டப்படி வருவது. இதை விளக்குவது கடினமல்ல. இப்போது அதே குடும்பத்தில் அண்ணன் ஆவடியில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தில் டாங்கி வடிவமைப்பில் விஞ்ஞானி என்று வைத்துக்கொள்வோம். தம்பி அமெரிக்காவில் கவச வாகன மென்பொருள் எழுதும் வேலைக்குக் கிளியரன்ஸ் கேட்கிறார். இருவரும் வாரா வாரம் பேசிக்கொள்கிறார்கள். யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் விசாரணை அதிகாரியின் பேனா இங்கே நின்றுவிடும், நிற்கத்தான் வேண்டும். இருவரும் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை என்பது மட்டும் போதாது; தம்பியின் அமெரிக்க வேர்கள் எவ்வளவு ஆழமானவை என்பதுதான் தராசின் மறு தட்டில் வைக்கப்படும்.

படிவம் எங்கே தடுக்குகிறது

விண்ணப்பப் படிவத்தின் பெயர் எஸ்.எஃப்.-86. நூறு பக்கத்துக்கு மேல் நீளும் இது இப்போது இணையத்தில் நிரப்பப்படுகிறது. 18-ஆம் பகுதி உறவினர்களைக் கேட்கிறது: பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், மாமனார், மாமியார், இவர்களின் மாற்றாந்தாய் வழி உறவுகள். சித்தப்பா, பெரியம்மா, தாய்மாமன், அத்தை மகன் ஆகியோர் இந்தப் பட்டியலில் இல்லை. நம்மவர்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான். பட்டியலில் இல்லை என்பதால் அவர்களை விட்டுவிடலாம் என்று பொருளல்ல. 19-ஆம் பகுதி, கடந்த 7 ஆண்டுகளில் பாசத்தாலோ கடமையாலோ செல்வாக்காலோ பொதுவான ஈடுபாட்டாலோ நெருங்கிய அல்லது தொடர்ச்சியான தொடர்பில் இருக்கும் வெளிநாட்டவர் அனைவரையும் கேட்கிறது. சிறு வயதில் தூக்கி வளர்த்த தாய்மாமன், தீபாவளிக்குத் தவறாமல் பேசுகிறவர் என்றால், அவர் 19-இல் வந்தே ஆக வேண்டும். அறுபது பேர் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் அனுப்பும் ஒன்றுவிட்ட அண்ணனை எழுத வேண்டுமா? அவரோடு தனியாகப் பேசுவதுண்டா, அவருக்குப் பண உதவி செய்வதுண்டா, ஊருக்குப் போனால் அவர் வீட்டில் தங்குவதுண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றுக்காவது ஆம் என்றால் எழுதுங்கள். மூன்றுக்கும் இல்லை என்றாலும் மனது உறுத்தினால், குறிப்புக்கென உள்ள இடத்தில் அப்படி ஒரு குழு இருப்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

ஒவ்வொரு வெளிநாட்டு உறவினருக்கும் முகவரி, வேலை, எந்த வழியில் தொடர்பு, எவ்வளவு அடிக்கடி, கடைசியாகப் பேசியது எப்போது, அவருக்கு அரசு, ராணுவம், உளவுத் துறையோடு தொடர்பு உண்டா என்று தனித்தனியாகக் கேட்பார்கள். 'தெரியாது' என்று நிரப்புவதற்கு முன் ஊருக்கு ஒரு போன் போட்டு விசாரித்துக்கொள்ளலாம். ஆனால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அங்கே விளம்பரம் செய்ய வேண்டாம். மகனுக்கு ராணுவ ரகசிய வேலை என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவது, அவரையே குறியாக்கும்.

கணவன் அல்லது மனைவி வழி உறவைத் தூரத்து உறவாக எழுதிப் பயனில்லை. துணையின் பெற்றோர் மீதும் உடன்பிறந்தோர் மீதும் பாசமும் கடமையும் இருக்கும் என்பதே தீர்ப்பாயங்களின் தொடக்க அனுமானம். 'மாமியாரோடு எனக்குப் பேச்சே கிடையாது' என்று நிரூபிப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு.

பணம், நிலம், கணக்கு

20-ஆம் பகுதியில் நிதி பற்றிய கேள்விகளில் 'எப்போதாவது' என்ற சொல்லைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 7 ஆண்டு வரம்பு இவற்றுக்குக் கிடையாது. மூடிவிட்ட கணக்கும், விற்றுவிட்ட மனையும் இதில் வரும். வெளிநாட்டவர் யாருக்காவது எப்போதாவது பண உதவி செய்ததுண்டா என்றும் ஒரு கேள்வி உண்டு. மாதா மாதம் பெற்றோருக்கு அனுப்பும் பணம், தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்தது, மாமாவின் அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பியது எல்லாமே இதற்குப் பதில்தான். பெற்றோருக்குப் பணம் அனுப்புவது நம் ஊரில் உதவியாகவே கருதப்படுவதில்லை, அது கடமை. அதனால் 'உதவி' என்று கேட்டதும் பலருக்கு அது நினைவுக்கே வருவதில்லை. பிறகு வங்கி ஆவணத்தில் மாதம் 300 டாலர் தெரியும்போது மறைத்ததாக ஆகிவிடுகிறது.

பூர்வீகச் சொத்து இன்னொரு சிக்கல். பாகம் பிரிக்காத வீட்டிலும் நிலத்திலும் பெயரளவில் ஒரு பங்கு இருக்கும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். மகள்களுக்கும் இது பொருந்தும்: தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதும் 2005-இலும் வந்த திருத்தங்கள் மகளுக்குச் சம உரிமை தந்தன. பங்கின் மதிப்பைத் தோராயமாகக் கணக்கிட்டு, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதிவிடுவதே நல்லது. விதியில் உள்ள தணிப்பு அம்சம், அதாவது எழுந்த ஐயத்தைக் குறைக்க ஏற்கப்படும் காரணம், வெளிநாட்டுச் சொத்தின் மதிப்போ வழக்கமான தன்மையோ ஒருவரை வளைக்கப் போதாது என்று காட்டச் சொல்கிறது. திருச்சியில் 25,000 டாலர் மதிப்புள்ள பங்கு. வர்ஜீனியாவில் 4 லட்சம் டாலர் வீடும் ஓய்வூதியச் சேமிப்பும். இந்த ஒப்பீட்டை ஒரே தாளில் காட்டினால் வாதமே தேவைப்படாது. மாறாக, சேமிப்பு முழுவதையும் ஊரில் மனையாகவும் வைப்பு நிதியாகவும் வைத்துவிட்டு அமெரிக்காவில் வாடகை வீட்டில் இருப்பவருக்கு இந்தத் தராசு எதிராகச் சாயும்.

இதோடு ஒட்டி வரும் ஓட்டை, வரி. வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தத் தொகை ஆண்டின் எந்த ஒரு நாளிலும் 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் (FBAR) என்ற வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையை அமெரிக்க அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும். அம்மாவோடு கூட்டுக் கணக்கில் பெயர் இருந்தாலும், கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டுமே இருந்தாலும் இது பொருந்தும். படிவத்தில் கணக்கை நேர்மையாக எழுதி, எஃப்பார் மட்டும் ஒருமுறைகூடத் தாக்கல் செய்யாமல் இருந்தால், பி நெறியில் தப்பித்தவர் நிதி நெறியில் மாட்டுவார். எஸ்.எஃப்.-86-இல் கைவைப்பதற்கு முன் இதை ஒரு வரி ஆலோசகரிடம் சரிசெய்துகொள்ள வேண்டும்.

பாஸ்போர்ட் விஷயத்தில் பழைய தகவல்கள் இன்னும் சுற்றுகின்றன. வெளிநாட்டு பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருப்பதே தடை என்ற நிலை ஒரு காலத்தில் இருந்தது. இப்போதைய நெறிப்படி இரட்டைக் குடியுரிமையோ வேற்று நாட்டு பாஸ்போர்ட்டோ தன்னளவில் தடையல்ல. அதைச் சொல்லாமல் மறைப்பதும், அமெரிக்காவுக்குள் வரும்போதும் போகும்போதும் அமெரிக்க பாஸ்போர்ட்டைப் பயன்படுத்தாததும்தான் குறை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஒரு தனிக் கண்ணி இருக்கிறது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, அமெரிக்கக் குடியுரிமை பெற்ற கணத்திலேயே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. பழைய இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்காமல் பெட்டியில் வைத்திருப்பது, அதில் பயணம் செய்வது இரண்டும் இந்தியச் சட்டத்தை மீறுவது. விதியை மதிக்காதவர் என்ற கேள்வியை எழுப்பும். ஒப்படைத்த சான்றிதழின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை பெயரில் குடியுரிமை என்று இருந்தாலும் அது குடியுரிமை அல்ல: வாக்களிக்க முடியாது, அரசியலமைப்புப் பதவி வகிக்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அதை வைத்திருப்பதை இந்த விளக்கத்தோடு தெரிவிப்பதே முறை. இலங்கைத் தமிழர்களின் நிலை வேறு. அங்கே விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை பெற வழி உண்டு. அப்படிப் பெற்றிருந்தால் 10-ஆம் பகுதியில் எழுத வேண்டும். மேலும், 1997 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இயக்கத்தை அமெரிக்கா வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது. போர்க் காலத்தில் நிவாரணம் என்று நம்பி ஏதாவது அமைப்புக்குப் பணம் கொடுத்தவர், படிவத்தைத் தொடுவதற்கு முன்பே இத்துறை அறிந்த வழக்கறிஞரைப் பார்ப்பது அவசியம். சிங்கப்பூரில் தேசிய சேவை முடித்தவர்கள் அதை 15-ஆம் பகுதியில் அந்நிய ராணுவப் பணியாகக் குறிப்பிட வேண்டும். கட்டாயத்தின் பேரில் செய்தது என்ற விளக்கத்துக்கு மதிப்பு உண்டு.

குற்றப்பட்டியல் வந்தால்

வெளிநாட்டு உறவை எழுதிக் கொடுத்துவிட்டு அதை விளக்க முடிந்தவர்களைவிட, எழுதாமல் விட்டு மாட்டிக்கொண்டவர்களின் நிலைதான் மோசம். உறவு என்பது பி நெறியில் ஒரு கேள்வி. அதை மறைப்பது இ நெறியில், அதாவது தனிநபர் நடத்தையில், நேர்மை பற்றிய கேள்வி. தெரிந்தே பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. மறந்துவிட்டது நினைவுக்கு வந்தால், விசாரணை அதிகாரி ஆதாரத்தை நீட்டுவதற்கு முன்பே நீங்களாகச் சொல்ல வேண்டும். முன்னால் சொல்வதற்கும் பின்னால் ஒப்புக்கொள்வதற்கும் நெறியிலேயே வேறுபாடு இருக்கிறது.

ஒப்பந்த நிறுவன ஊழியருக்கு அனுமதி மறுக்கும் எண்ணம் இருந்தால், 'காரண அறிக்கை' ஒன்று அனுப்புவார்கள். அதில் குற்றச்சாட்டுகள் எண்ணிட்டு வரும்: 1.ஏ உங்கள் தாய் இந்தியக் குடிமகள், அங்கே வசிக்கிறார், 1.பி உங்கள் சகோதரர் இந்திய அரசு ஊழியர், இப்படி. கையில் கிடைத்து 20 நாட்களுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று எழுத்தில் பதில் தர வேண்டும். பதில் இல்லை என்றால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். நேரடி விசாரணை கேட்டால் பாதுகாப்புத் துறையின் 'டோஹா' (DOHA) என்ற விசாரணை, மேல்முறையீட்டு அலுவலகத்தின் நீதிபதி முன் வாய்ப்பு கிடைக்கும். அதைக் கேட்டுவிடுவது நல்லது. உறவுகளின் தன்மையைத் தாளில் காட்டுவதைவிட நேரில் பேசிப் புரியவைப்பது எளிது. தோற்றால் 15 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்கலாம், ஆனால் மேல்முறையீட்டில் புதிய ஆதாரம் எதையும் ஏற்க மாட்டார்கள். ஆகவே கையில் உள்ள எல்லாவற்றையும் முதல் விசாரணையிலேயே வைத்தாக வேண்டும்: வீட்டுப் பத்திரம், ஓய்வூதியச் சேமிப்பு அறிக்கை, குழந்தைகளின் பள்ளிப் பதிவு, எஃப்பார் நகல்கள், பல ஆண்டுகளாக அறிந்த அமெரிக்க மேலாளர்களின் கடிதங்கள், வெளிநாட்டு உறவினர் ஒவ்வொருவரின் தொழிலும் வயதும் தொடர்பு இடைவெளியும் கொண்ட அட்டவணை. 'யாராவது என் குடும்பத்தை மிரட்டினால் என்ன செய்வேன்' என்ற கேள்வி நிச்சயம் வரும். பாதுகாப்பு அதிகாரிக்கு உடனே தெரிவிப்பேன் என்பது சரியான பதில்தான், ஆனால் எல்லோரும் சொல்லும் பதில். இதற்கு முன் எதையாவது அப்படித் தெரிவித்த பதிவு இருந்தால் அதற்குத்தான் எடை அதிகம்.

அனுமதி கிடைத்த பிறகும் கடமை தொடர்கிறது. 'சீட் 3' (SEAD 3) என்ற உத்தரவின்படி, சொந்த வேலையாகச் செல்லும் வெளிநாட்டுப் பயணத்தை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பாசத்தாலோ கடமையாலோ கட்டுண்ட வெளிநாட்டவரோடு தொடரும் தொடர்பையும் சொல்ல வேண்டும். சீக்ரெட்டுக்கும் மேலான டாப் சீக்ரெட் நிலையில் வெளிநாட்டு வங்கிக் கணக்கு, சொத்து, வேற்று நாட்டுத் தேர்தலில் வாக்களிப்பு, 30 நாளுக்கு மேல் ஒரே வீட்டில் தங்கும் வெளிநாட்டவர் ஆகியவையும் சேரும். விசிட்டர் விசாவில் வந்து ஆறு மாதம் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா அப்பாவும் விதியின் சொற்படி அந்தக் கடைசி வகையில் வருவார்கள். அவர்கள் விமானம் ஏறும் முன்பே நிறுவனப் பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும்.

நள்ளிரவில் ஊரிலிருந்து போன் வரும், அப்பாவை ஐ.சி.யூ.வில் சேர்த்திருக்கிறார்கள் என்று. கிடைத்த விமானத்தில் ஏற வேண்டும், படிவம் நிரப்ப நேரமில்லை. இதற்கும் விதியில் வழி இருக்கிறது. புறப்படுவதற்கு முன் மேலாளரிடமாவது, முடிந்தால் பாதுகாப்பு அதிகாரியிடமும், எங்கே போகிறீர்கள், எதற்காக, எந்த விமானம் என்று வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். முழு அறிக்கையைத் திரும்பி வந்த 5 வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும்.